பாஞ்சாலி எழுதிய முப்பத்தோராவது அத்தியாயம்

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு செய்தி. சென்னையில் பழைய தொடர்கதைகளின் கண்காட்சி நடக்கிறதாம். பாண்டுரங்கன் என்கிற தொழிலதிபர் பல வருஷமாகச் சேர்த்துவைத்த பைண்டு புத்தகங்களாம். எல்லாவற்றிலும் அரியது 'கலங்கரைக் கோமளா'வாம். இளசுகளுக்காக ஒரு வாரப் பத்திரிகையில் வந்த கதை. புத்தகமாக அச்சேறவே இல்லை. ஐம்பத்திரண்டு அத்தியாயமும் முழுதாக உள்ள ஒரே பிரதி அவரிடம்தான் இருக்கிறதாம். 'அயராத முயற்சியால் தேடிக் கண்டுபிடித்தார்' என்று வேறு எழுதியிருந்தார்கள்.

தேடினாராம்! கண்டுபிடித்தாராம்! காபி டம்ளரை நான் வைத்த வைப்பில் மேஜையெல்லாம் காபி. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டருக்கு என்ன, அவர் அந்தப் பேப்பரைப் படிக்கவில்லை.

அந்தக் கதையைத் தேடியவள் வேறொருத்தி. பெயர் பாஞ்சாலி. அவளைப் பற்றி எந்தப் பேப்பரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் வத்ஸலா. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இருந்த நடுநிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாஞ்சாலி பென்னலூர்க்காரி. ஏரித் தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம். ஆறாம் வகுப்புப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பதினேழு வயதில் அதே ஊரில் கல்யாணம். எங்கள் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்தபோது, 1958-இல், சமையலுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. குரல் மட்டும் பஸ்ஸை நிறுத்துகிற குரல். தட்டில் சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளையைப் பார்த்தால், "இத்த யாரு துன்றது, உங்க தாத்தாவா?" என்று அவள் கேட்பது ஹெட்மாஸ்டர் அறைவரை கேட்கும். பிள்ளைகளுக்கு அவளிடம் பயமும் உண்டு, அவள் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது என்பதும் உண்டு.

ஒருநாள் மத்தியானம் தையல் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் மஞ்சள் அப்பின ஒரு தாள்.

"டீச்சர், இந்தப் பொண்ணு அப்புறம் இன்னா ஆச்சு?"

"எந்தப் பொண்ணு?"

"இதுல கீறாளே, கோமளான்னு. பதினாலு வயசுப் பொண்ணு. அப்பனைப் பாம்பு கடிச்சிடுச்சு. அப்பன் பார்க்கிற வேலை கலங்கரை விளக்கு ஏத்தறது. இருட்டிப்போச்சு, இவ ஒண்டியா ஏணில ஏறிக்கினு கீறா. தொடரும்னு போட்டுட்டான்."

மஞ்சள்தூள் கட்டிவந்த பொட்டலக் காகிதம் அது. எனக்கு அந்தக் கதை தெரியாது. தெரியாது என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உள்ளே சாம்பார் கொதிக்கிறது, இவள் வாசலிலேயே நிற்கிறாள். "ஏணி மேல வுட்டுட்டுப் போனா எப்படி டீச்சர்?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். நான்தான் எழுதியதுபோல.

அன்று சாயங்காலமே மளிகைக்கடைத் தணிகாசலத்திடம் போய்விட்டாள். அவர் கடையிலிருந்துதான் பள்ளிக்குச் சாமான் வரும். ஸ்ரீபெரும்புதூர் மாடவீதி வீடுகளில் பழைய வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிவந்து, தாள் தாளாகக் கிழித்துப் பொட்டலம் கட்டுவது அவர் வழக்கம். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு தாள். முதல் தாள் கடுகில் போயிருக்கும், இரண்டாவது தாள் வெந்தயத்தில். அவள் கடைக்குள் உட்கார்ந்து காகிதக் கட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். "வியாபார நேரத்துல இன்னாம்மா இது?" என்று தணிகாசலம் கத்தினார். அவள் என்னிடம் வந்தாள். அரைப் பரீட்சை விடைத்தாள்கள் மூலையில் கிடந்தன, எப்படியும் எரிக்கப்போகிறவை. எடுத்துக்கொள் என்றேன். கோமளா தாள் ஒன்றுக்கு விடைத்தாள் நாலு என்று தணிகாசலத்திடம் பேசி முடித்தாள். எங்கள் ஊரில் ஒரு வருஷம் எல்லாருடைய மிளகாயும் ஏழாம் வகுப்புச் சரித்திர விடைத்தாளில்தான் கட்டி வந்தது.

நாலு வருஷம், ஐயா, நாலு வருஷம்! கண்காட்சி வைக்கிறவர்கள் கவனிக்கட்டும். கடையில் தப்பிப் போன பொட்டலத்தைப் பின்தொடர்ந்து வீடு வீடாகப் போவாள். "போன வாரம் உங்க வூட்டுக்கு வாங்கின கடுகு எதுல கட்டியிருந்துச்சு?" என்று கேட்பாள். சிலர் சிரித்தார்கள். சிலர் அடுப்பில் போட்டாயிற்று என்றார்கள். படப்பையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன வெல்லப் பொட்டலத்தைத் தேடி அங்கேயே போய், பந்திக்கு நடுவில் சமையல்காரரோடு சண்டை போட்டு, பத்தொன்பதாம் அத்தியாயத்தின் இரண்டாம் தாளை வாங்கிவந்தாள். அவள் புருஷன் நல்ல மனுஷன். "பாப்பாரத் தெருக் குப்பையெல்லாம் என் வூட்லதான் கீது" என்பார். ஆனால் தாள்களை எலி கடிக்காமல் தகர டப்பாவில் போட்டு மூடிவைத்தவரும் அவர்தான்.

ஐம்பத்தோரு அத்தியாயம் சேர்ந்துவிட்டது. முப்பத்தொன்று மட்டும் கிடைக்கவில்லை. மெட்ராஸில் இருந்த என் சித்தி பெண் பத்மாசினிக்குக் கடிதம் போட்டேன். அங்கேயும் இல்லை. அதுவோ கதையின் நடு உயிர்! முப்பதாம் அத்தியாயத்தின் கடைசியில் புயல் அடிக்கிறது. கள்ளக்கடத்தல்காரன் கலங்கரை விளக்கின் கதவை வெளியே பூட்டிவிட்டான். உள்ளே கோமளா. விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பாறையைப் பார்த்து ஒரு கப்பல் வருகிறது. முப்பத்திரண்டாம் அத்தியாயம் தொடங்கினால் பொழுது விடிந்துவிட்டது. கப்பல் பத்திரமாக நிற்கிறது. கோமளாவின் உள்ளங்கை தீய்ந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது?

"நானே எழுதிடறேன் டீச்சர்" என்றாள் பாஞ்சாலி.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் சிரிக்கவில்லை. "எண்ணெய் இல்லாம அடுப்பு எரிக்கிறது எனக்குத் தெரியாதா? ஈர வெறகை வெச்சிக்கினு இருநூறு பேருக்கு வடிக்கிறேன்" என்றாள்.

பாத்திரம் கழுவி முடிந்ததும் பின் பெஞ்சில் வந்து உட்காருவாள். என் தையல் வகுப்பு ஒரு பக்கம் நடக்கும், இவள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருப்பாள். பென்சிலில் எழுதி, அழித்து, பிறகு மையில் எழுதினாள். கோடு போட்ட நோட்டுத் தாளில் எட்டுப் பக்கம். பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டு நாள் சாம்பாரில் உப்பு இல்லை.

அவள் எழுதின கோமளா தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயை விளக்கில் ஊற்றுகிறாள். அது பத்து நிமிஷம் எரிகிறது. ஆட்டுக்கு வைத்திருந்த புண்ணாக்கைப் பிட்டுப் போடுகிறாள். கொட்டாங்கச்சியைப் போடுகிறாள். பாவாடைக் கரையைக் கிழித்துத் திரி திரிக்கிறாள். கடைசியில் கரி தேங்கி விளக்கு மங்குகிறது. கண்ணாடிக் கதவைத் திறந்து கரியைத் தள்ள வேண்டும். பிடிக்கத் துணி இல்லை, துணியெல்லாம் திரியாகப் போய்விட்டது. வெறுங்கையால் திறக்கிறாள். அதில் ஒரு வரி இப்படி வரும்: 'கோமளா அழவில்லை. அழுதால் கண் தெரியாது. கண் தெரியாவிட்டால் நெருப்பு பிடிக்காது.'

நான் படித்துவிட்டு முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனேன். "இன்னா டீச்சர், தப்பா?" என்றாள். "போய் ஊசி எடுத்துவா, சேர்த்துத் தைத்துவிடலாம்" என்றேன்.

கோணி ஊசியில் சணல் கோத்து அவளே தைத்தாள். தன் நீலப் புடவையில் ஒரு துண்டு கிழித்து, மைதாப் பசை காய்ச்சி அட்டைக்கு ஒட்டினாள். "ஸ்கூல்ல வைங்க. ஆறாவதோட நிறுத்திடறாங்களே பொண்ணுங்க, அதுங்க படிக்கட்டும்" என்று கொடுத்தாள். 1962 ஆடி மாதம் அது.

இங்கேதான் என் தப்பு வருகிறது. பள்ளி நூலகம் என்பது ஹெட்மாஸ்டர் அறையில் இருந்த ஒரு கண்ணாடி பீரோ. பொறுப்பு என்னுடையது, தையல் டீச்சருக்கு வேலை குறைவு என்று என் தலையில் கட்டியிருந்தார்கள். இருப்புப் பதிவேட்டில் இருநூற்றுப் பதின்மூன்று புத்தகங்கள். ஒன்று தொலைந்தாலும் பொறுப்பாளர் தலையில் விழும். எனக்கு முன்னால் இருந்த டீச்சருக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதனால் நான் என்ன செய்தேன்? பூட்டிவிட்டேன். ஒரு பிள்ளைக்கும் ஒரு புத்தகமும் கொடுக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். இதைச் செய்தவள் நான்தான், வேறு யாரையும் சொல்லவில்லை.

பாஞ்சாலியின் புத்தகம் கடையில் வாங்கியதல்ல, அதற்கு விலைச்சீட்டு இல்லை. விலைச்சீட்டு எண் இல்லாமல் பதிவேட்டில் ஏற்ற முடியாது. ஏற்றாததனால் தொலைந்தால் கேட்பாரில்லை. கேட்பாரில்லாததனால் அதை மட்டும் தாராளமாகக் கொடுத்தேன். பன்னிரண்டு வருஷம் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்த ஒரே புத்தகம் 'கலங்கரைக் கோமளா'தான். மிளகாய் வாடை அடிக்கும் அந்தப் புத்தகம் கைமாறிக் கைமாறிப் போகும், ஒரு தடவைகூடத் தொலைந்ததில்லை. தையல் வகுப்பில் எவளுக்காவது ஊசி குத்திவிட்டால் பக்கத்தில் இருப்பவள், "அழாதடி, அழுதா கண்ணு தெரியாது" என்பாள். அது யார் எழுதினது என்று அவர்களுக்குத் தெரியாது. அச்சுத் தாளுக்கு நடுவில் ஏன் கையெழுத்து என்று எவளாவது கேட்டால், "அச்சடிக்கிறவனுக்கு அன்னிக்கு லீவு" என்பாள் பாஞ்சாலி.

1970-இல் ரகுபதி என்று ஒரு ஹெட்மாஸ்டர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். பயந்தவர் செய்கிற அநியாயம் கெட்டவர் செய்வதைவிட அதிகம் என்பது என் அனுபவம். 1973 இன்ஸ்பெக்‌ஷனில் பதிவேட்டில் இருந்ததைவிட ஒரு நாற்காலி அதிகமாக இருந்துவிட்டது. குறைந்தால் கேட்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் கேட்பார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. 'உபரி நாற்காலி எங்கிருந்து வந்தது?' என்று மேலே இருந்து கடிதம். அவர் மூன்று பதில் எழுதினார். எவனோ கல்யாணத்துக்கு வாங்கிப்போய், திருப்பும்போது ஒன்று கூட்டிக் கொடுத்த நாற்காலி! அன்றிலிருந்து உபரி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்க்கும்.

1974 பிப்ரவரியில் ஆண்டு விழா, மார்ச்சில் இன்ஸ்பெக்‌ஷன். விழாவுக்கு முதல்நாள் ஜரிகைக் காகிதம் வாங்க என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பீரோவை அவரே எண்ணியிருக்கிறார். இருநூற்றுப் பதினான்கு. பாஞ்சாலியின் புத்தகத்தை வாங்கி வைத்திருந்த பெண், லீலா என்று பேர், அன்று காலையில்தான் திருப்பிக் கொடுத்திருந்தாள். விழாக் கூட்டத்தில் தொலைந்துவிடப் போகிறதே என்று நான்தான் அதை பீரோவுக்குள் வைத்தேன். வெளியே இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

விழாவுக்குத் தலைமை விருந்தினர் பாண்டுரங்கன். அம்பத்தூரில் திருகாணித் தொழிற்சாலை வைத்திருந்தவர். ஒரகடம் பக்கம் நிலம் பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்தார், பள்ளிக்கு இரண்டு மின்விசிறி கொடுத்திருந்தார். மேடையில் மாலை போட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். "எங்கள் அன்பின் அடையாளமாக ஒரு நூல்" என்று ரகுபதி நீட்டினார். சிவப்பு ஜரிகைக் காகிதம் சுற்றியிருந்தது. நான் வாங்கிவந்த காகிதம்!

பாண்டுரங்கன் அங்கேயே பிரித்தார். நீலப் புடவைத் துணி தெரிந்தது. நான் கீழே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன், எழுந்துவிட்டேன். மைக் முன்னாலேயே அவர் புரட்டினார். "எனக்கு மாலையே வேண்டாம், இது போதும். காலேஜில் படிக்கும்போது வாரா வாரம் இதற்காகக் காத்திருந்தவன் நான். பதினாறு வருஷமாகத் தேடுகிறேன்" என்றார். கூட்டம் கை தட்டியது. எங்கள் பெண்கள் தட்டவில்லை. அவர்களுக்கு அட்டை தெரியும்.

சமையல் கொட்டகை மேடைக்கு நேர் எதிரே. பாஞ்சாலி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியோடு வெளியே வந்து நின்று பார்த்தாள். மேடையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கேசரி அடிப்பிடித்து ஊரெல்லாம் வாடை வந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ரகுபதி முன்னால் நின்றோம்.

"சார், அது பாஞ்சாலி சேர்த்துக் கொடுத்த புத்தகம். யாரைக் கேட்டு எடுத்துக் கொடுத்தீர்கள்?"

"பதிவேட்டில் இல்லையே டீச்சர். இல்லாத புத்தகத்துக்கு யாரைக் கேட்பது?"

"பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள்!"

"அது நூலகப் புத்தகமானால் ஏன் ஏற்றவில்லை? ஏற்றாதது உங்கள் பிசகு. நான் உபரியைச் சரி செய்தேன், அவ்வளவுதான்."

அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே இன்னும் ஆத்திரம் வந்தது. பாஞ்சாலி சொன்னாள்: "சார், உபரின்னா தூக்கிக் கொடுத்துடுவீங்களா? நாளைக்குக் குண்டான்ல சோறு உபரியா கீதுன்னா, உங்க வூட்டு எருமைக்குக் கொடுக்கட்டுமா?"

"மேடையில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் பள்ளிக்கூட மானம் என்ன ஆகும்?" என்றார் அவர். விலாசம் கேட்டோம், தரவில்லை. மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து எடுத்து, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து விலாசம் தெரிந்துகொண்டோம். அதற்குள் பதினெட்டு நாள் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். பூந்தமல்லியில் பஸ் மாறி அம்பத்தூர். பாஞ்சாலி கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தாள். வழியெல்லாம், "வாங்கிடலாம் டீச்சர், அவரும் படிச்ச பைத்தியம்தானே, சொன்னா புரியும்" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாண்டுரங்கன் வீட்டில் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி பீரோ. உள்ளே எல்லாம் ஒரே மாதிரி சிவப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து. எங்கள் பள்ளி பீரோவைப் போலவே பூட்டு தொங்கியது. அவர் சாவி எடுத்துத் திறந்து, ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து பாஞ்சாலி மடியில் வைத்தார்.

அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. புதுச் சிவப்பு அட்டை. ஓரமெல்லாம் வெட்டி ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். "பழைய அட்டை?" என்றேன். "பைண்டர் எறிந்திருப்பான், அழுக்காக இருந்தது" என்றார்.

"நடுவுல நான் எழுதினது?" என்றாள் பாஞ்சாலி.

"நீங்களா எழுதினது! நல்ல கையெழுத்தம்மா. பத்திரமாக வைத்திருக்கிறேன்." ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டுப் பக்கமும் மடித்து உள்ளே இருந்தது. "என்னிடம் சில அத்தியாயங்கள் உதிரியாக இருந்தன. அதில் முப்பத்தொன்றும் இருந்தது. சேர்த்துவிட்டேன். இப்போது முழுப் பிரதி."

பாஞ்சாலி கவரைக்கூடப் பார்க்கவில்லை. "முப்பத்தொண்ணு கீதா? அசல் முப்பத்தொண்ணா?" என்று பக்கத்தைப் புரட்டினாள். நாலு வருஷம் தேடியும் அவளுக்குக் கிடைக்காததும் அதுதானே. விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். படித்து முடித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"இத்த எழுதினவனுக்கு மூளை கீதா?"

பாண்டுரங்கன் திடுக்கிட்டார்.

"கப்பல்லேந்து கப்பல்காரன் மவன் கடல்ல குதிச்சு நீஞ்சி வர்றானாம். கதவை ஒடைக்கிறானாம். அவன் வெளக்கு ஏத்தறானாம். இவ அவனைப் பார்த்ததும் மயக்கம் போட்டு வெளக்கு மேல வுழறாளாம், அதுல கை சுட்டுதாம்! கப்பல்ல இருந்தவனே நீஞ்சி வந்து ஏத்திக்கணும்னா, அப்புறம் கலங்கரை வெளக்கு இன்னாத்துக்கு? அப்பனைப் பாம்பு கடிச்சப்போ ஒண்டியா ஏணில ஏறின பொண்ணு சார் அது. அவளுக்கு மயக்கம் வருமா?"

"அம்மா, அதுதானே ஒரிஜினல்."

"ஒரிஜினல்னா சரின்னு அர்த்தமா? எங்க பொண்ணுங்க பன்னண்டு வருசமா படிச்சதுல கோமளா அழவேயில்ல சார். நீங்க அத்தப் பிடுங்கிட்டு இவளை மயக்கம் போட வெச்சிட்டீங்க."

அவர் நிதானமாகச் சொன்னார், தான் கேட்டு வாங்கவில்லை என்றும், பள்ளியே மேடையில் கொடுத்தது என்றும், தன்னிடம் இருந்தால் இன்னும் நூறு வருஷம் இருக்கும் என்றும். பள்ளிக்குப் புதுப் புத்தகம் பத்து அனுப்புகிறேன் என்றார். "பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் இங்கே வந்து படிக்கலாம்" என்றும் சொன்னார். வந்து படிக்கலாமாம்! பென்னலூரிலிருந்து ஒரு பதினோரு வயதுப் பெண் இரண்டு பஸ் மாறி அம்பத்தூருக்கு வந்து இவர் வீட்டு மணியை அடித்துக் கதை படிப்பாளா? நான் கேட்டே விட்டேன்.

"பத்துப் புத்தகம் வேணாம் சார், அந்த ஒண்ணைக் கொடுத்துடுங்க" என்றாள் பாஞ்சாலி. அவர் புத்தகத்தை அவள் மடியிலிருந்து மெதுவாக எடுத்தார். பீரோவில் வைத்தார். பூட்டினார். கோபம் எல்லாம் போய் அவள் குரல் இறங்கிவிட்டது. "நாலு வருசம் தேடினேன் சார்" என்று ஒரு தடவை சொன்னாள். அவர் காபி கொண்டுவரச் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டோம்.

திரும்பிவரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தண்டலம் தாண்டினதும் கவரை என் கையில் கொடுத்தாள். "தனியா இது எதுக்கு டீச்சர்? முன்னும் இல்ல பின்னும் இல்ல. அடுப்புல போடட்டுமா?" என்றாள்.

"போட்டுப் பார்!" என்று நான் கத்தின கத்தலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் வருவதற்கு முன்னால் பதிவேட்டை எடுத்தேன். பாஞ்சாலி பக்கத்தில் நின்று, "கணக்குல ஏத்தினா பூட்டிடுவீங்களே டீச்சர். பொண்ணுங்களுக்குக் கெடைக்காதே" என்றாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருஷம் நான் செய்ததை அவள் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. அன்றைக்கும் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் சுட்டது. பீரோ சாவியைக் கழற்றி, எல்லாருக்கும் எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். தொலைந்தால் என் சம்பளம் போகட்டும். பிறகு பேனாவை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதினேன். 214. கலங்கரைக் கோமளா, முப்பத்தோராவது அத்தியாயம் மட்டும். ஆசிரியர் என்ற கட்டத்தில் பாஞ்சாலி, பென்னலூர். விலைச்சீட்டு எண் என்ற கட்டத்தில், 'எழுதிக் கொடுத்தது.'

மார்ச்சில் இன்ஸ்பெக்டர் வந்தார். வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பதிவேட்டை வரி வரியாகப் பார்ப்பவர். ரகுபதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார், இந்தத் தடவை நாற்காலி சரி, பெஞ்சு சரி, எல்லாம் சரி. பீரோவை எண்ணச் சொன்னார்கள். இருநூற்றுப் பதினான்கு, பதிவேட்டிலும் இருநூற்றுப் பதினான்கு. ரகுபதிக்குக் குழப்பம். அவர் கணக்கில் பதின்மூன்றுதானே இருக்க வேண்டும்?

இன்ஸ்பெக்டர் கடைசி வரியில் விரலை வைத்தார். "முப்பத்தோராவது அத்தியாயம் மட்டுமா? அதென்ன மட்டும்?"

ரகுபதி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆசிரியர் பாஞ்சாலி, பென்னலூர். யார் இது? இங்கே பக்கத்து ஊரா?"

"இங்கேதான் சார் இருக்கிறார்" என்றேன். "வரச் சொல்லட்டுமா?"

பாஞ்சாலி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, புகையில் சிவந்த கண்ணோடு. இன்ஸ்பெக்டர் எட்டுப் பக்கத்தையும் அவள் எதிரிலேயே படித்தார். அவசரமே படவில்லை. அறையில் இரண்டு மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தன. 'அழுதால் கண் தெரியாது' என்ற இடத்தில் நின்று, திரும்ப ஒரு தடவை படித்தார். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. மீதிக் கதை எங்கே?"

பாஞ்சாலி ஹெட்மாஸ்டரைக் கை காட்டினாள். அவளுடைய அந்தப் பஸ்ஸை நிறுத்துகிற குரலில், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"உபரியா கீதுன்னு இவரு கொடுத்துட்டாரு சார்."

மேலே இருந்து கடிதம் வந்தது. ரகுபதி பதில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த எட்டுப் பக்கம் அன்று மத்தியானமே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு வீட்டுக்குப் போயிற்று.